ஒருமுறை மட்டும்

புந்தா அரேனாஸ் துறைமுகம். ஜூலை. இரவு ஒன்றரை.
'போர்ஃபியாதா' என்கிற நண்டுப் படகின் வயிற்றில்
குப்புறக் கிடக்கிறேன்.
சுக்கானைத் திருப்பும் பெட்டி
எப்போதாவது தன்னை மறந்து
முதலிலிருந்து ஆரம்பிக்கிறதாம்.
எப்போதாவது:
நோல்பெர்த்தோ பாரியா தந்த ஒரே தொழில்நுட்ப விவரம்.
சொல்லிவிட்டு பூட்ஸோடு படுத்துவிட்டார்.
ஆறு மணிக்குப் படகு கிளம்ப வேண்டும்.

அமைதியாக இருக்க வேண்டிய ரீசெட் கம்பியில்
கையடக்க ஆசிலோஸ்கோப்பை மாட்டி
'ஒருமுறை மட்டும்' என்று வைத்தேன்.
இரண்டு வோல்ட்டைத் தாண்டி எதுவும் ஏறினால் பிடி.
அதுவரை வாயைத் திறக்காதே.

மூச்சு விடுவதற்குள் பிடித்தது.
பார்த்தால், தட்டைக் கோடு, மேலே கொஞ்சம் பூனைமயிர்.
மறுபடி வைத்தேன்.
மறுபடி பிடித்தது.
மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்;
இதற்கு அசைந்ததெல்லாம் அலை.

சார்ஜரைப் பிடுங்கினேன், பாதிப் பேய்கள் போயின.
புரோப்பின் எர்த் கம்பி ஒரு சாண் வளையமாகத் தொங்கி
கப்பல் ரேடியோவின் முணுமுணுப்பையெல்லாம்
அள்ளிக்கொண்டிருந்தது.
கழற்றிவிட்டுப் பேனா ஸ்பிரிங்கை
முனையில் இறுகச் சுற்றினேன்.
இன்னும் சில போயின.
புரோப்பையே உருவி, துளையை மூடியால் அடைத்தேன்.
காதை அடைத்த பிறகும்
'யாரோ கூப்பிட்டாங்க' என்கிறது.

அங்கேதான் என் கோபம் நிதானத்துக்கு வந்தது.
கோளாறு உள்ளே.

அதன் சோதனை அலையை அதற்கே ஊட்டி
உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.
திரையில் எழுதியிருப்பது இரண்டு வோல்ட்,
தலையாட்டுவதோ அதில் பத்தில் ஒரு பங்குக்கு.
போன மார்ச்சில் நானே ஏற்றிய ஃபர்ம்வேர்.
'சிறு மேம்பாடுகள்' என்று குறிப்பு.
எங்கோ ஒருவர் பத்தால் பெருக்க மறந்த ஒரு வரி
என் இடுப்பில் இரண்டு மணி நேரமாக வலிக்கிறது.

பழைய பதிப்பு மெமரி கார்டில்,
கார்டு வேனில்,
வேன், காற்றுக்குக் கயிறு கட்டிய தெருவின் மறுமுனையில்.
கயிற்றைப் பிடித்துப் போனேன், கயிற்றைப் பிடித்து வந்தேன்.
ஏற்றும்போது திரை இருண்டது.
நாலு நிமிடம்.
கருவிக்கு இன்னும் ஐந்து தவணை பாக்கி.

விழித்தது.
தேதி: ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பத்து.
இந்தப் பதிப்பில் சேமிப்புப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் உறைந்துவிடும்.
இருக்கட்டும்,
பழகிய நோய்.

ஒருமுறை மட்டும்.
வைத்தேன். எதையும் பிடிக்கவில்லை.
அதுவும் பயமாக இருந்தது.
திருந்திவிட்டதா, செத்துவிட்டதா?
டார்ச்சிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்துத் தொட்டேன், ஒன்றரை வோல்ட்:
கண்டுகொள்ளவில்லை.
இரண்டைச் சேர்த்துத் தொட்டேன்:
கப்பென்று பிடித்தது.
சமர்த்து.

பிறகு காத்திருப்பு.
என் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்து உருண்டது,
கயிறுகள் பாய்மரத்தை அறைந்தன,
ரேடியோவில் யாரோ யாரையோ திட்டினார்கள்.
நோல்பெர்த்தோவின் குறட்டை ஒரே சீராக ஓடியது.

நாலு இருபதுக்குச் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.
"என்ன நின்னுது?"
எனக்கு எதுவும் கேட்கவில்லை.
"பம்ப். அடித்தட்டுப் பம்ப்."
திரையைப் பார்த்தேன்.
நட்ட நடுவில்,
ஊசி மாதிரி ஒன்று, மூன்றரை வோல்ட் உயரம்,
நின்றுகொண்டிருந்தது.
பம்ப் நிற்கும்போது அதன் ரிலே உதைக்கிற உதை.

"அதான் யெர்க்கா, தண்ணி வத்திடுச்சு" என்று
தனக்கே பதில் சொல்லிப் புரண்டு படுத்தார்.

ரிலேயின் குறுக்கே ஒரு டயோடு வைத்துப் பற்றினேன்.
சேமித்த அலையின் அடியில் கருவி எழுதியிருந்தது
புத்தாண்டு, நள்ளிரவு தாண்டி நாற்பத்தெட்டு நிமிடம்.
பெட்டி மூடியின் உட்புறம்
பென்சிலால் சரியான நேரத்தை எழுதி மூடினேன்.
பில்லில் எழுத ஒரு டயோடுதான் இருந்தது.